யாருக்கு வந்த வசனம்

மட்டாஞ்சேரி
2.1.1999

கர்த்தருக்குள் பிரியமான மகள் விஜிலாவுக்கு அத்தை சரோஜம்மா எழுதுவது. நானும் மாமாவும் மகன் அனீஷும் ஆண்டவர் இரக்கத்தால் சுகம். உன் சுகமும், மாப்பிள்ளை சஜி சுகமும், உன் மாமியார் திரேஸ்யாம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது என்பதும் அறிய ஆசை.

பூத்துக்குப் போய் ஃபோன் பண்ணலாமே என்று மாமா சொல்கிறார். அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் மீட்டர் ஓடுகிற சத்தத்தில் எனக்கு யாரிடம் பேசுகிறேன் என்பதே மறந்துபோகிறது. கடிதம் என்றால் நான் பாட்டுக்குப் பேசலாம், நடுவில் ஒருத்தரும் தட்டமாட்டார்கள். மாப்பிள்ளைதான் தினமும் படகேறி இக்கரை வந்து தோப்பும்படி ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறாரே. போகும்போதோ வரும்போதோ வாசலில் ஒரு நிமிஷம் நின்றால் தபால்காரர் வேண்டாம்.

புத்தாண்டு ஆராதனைக்கு நீ இல்லாதது எனக்கு ஒரு பல்லு விழுந்த மாதிரி இருந்தது. டாக்டர் படுத்திருக்கச் சொன்னால் படுத்துத்தான் இருக்கவேண்டும், அதில் குறையில்லை. போதகர் வழக்கம்போல, ஆளுக்கொன்று எடுக்க வேதவசனச் சீட்டுத் தட்டைக் கொண்டுவந்தார். வராதவர்களுக்கு வீட்டார் எடுக்கலாம் என்பது நம் சபை வழக்கம்தானே. எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று எடுத்தேன். உனக்கு வந்ததை இதோடு வைத்திருக்கிறேன். தண்ணீரைக் கடக்கிறபோது நான் உன்கூட இருப்பேன், ஆறு உன்மேல் புரளாது என்கிற வசனம். நல்ல வசனம். தலையணைக்கு அடியில் வை.

எனக்கு வேறு ஒன்று வந்தது. அது கிடக்கட்டும்.

பக்கத்து வீட்டு ஜலீலா கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் குப்பியில் அனுப்புகிறேன். குப்பியைத் திருப்பிக் கேட்பாள்.

ஜெபத்தில் உன்னை ஏந்தும்,
அத்தை


வைப்பின்
17.1.1999

என் அன்பு அத்தைக்கு விஜி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மச்சியின் முட்டுவலி அப்படியேதான், ஆனால் மீன்காரியோடு சண்டை போடும்போது மட்டும் வலி தெரிவதில்லை. ஊறுகாய் தீர்ந்தது. குப்பியைக் கழுவி அனுப்பியிருக்கிறேன்.

வசனச் சீட்டு கிடைத்தது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கோபிக்காதீர்கள். படிப்பு முடியும்வரை மட்டாஞ்சேரி ஜெட்டியில் இருந்து எறணாகுளத்துக்குத் தினமும் படகில் போய்வந்தவள் நான். அப்போதெல்லாம் வராத வசனம் படுக்கையில் கிடக்கும்போது வந்திருக்கிறதே என்று ஆச்சரியம். சரி, உங்களுக்கு என்ன வசனம் வந்தது? அதை ஏன் எழுதவில்லை?

இன்னொன்றும் கேட்கவேண்டும். சும்மா கிடக்கிறேன் இல்லையா, என்னவெல்லாமோ ஞாபகம் வருகிறது. அம்மா போன அன்று ஆற்றில் என்ன நடந்தது அத்தை? எனக்கு அப்போது நாலு வயசு. வள்ளம் கவிழ்ந்தது, அம்மா போய்விட்டாள், நீங்கள் என்னைக் கரையேற்றினீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்பாவிடம் கேட்டால் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். நீங்கள் பேச்சை மாற்றுவீர்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஏழாம் மாதம் கூட்டிக்கொண்டு போக எப்போது வருவார்கள், என்ன பலகாரம் கொண்டுவருவார்கள் என்று அம்மச்சி இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள். நீங்கள்தானே வரவேண்டும்.

உங்கள் மகள்
விஜி


மட்டாஞ்சேரி
30.1.1999

அன்பு மகளே, இரட்சகரின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். எங்களுக்கு சுகக்குறைவு ஒன்றுமில்லை, மாமாவுக்கு ஜலதோஷம் மட்டும். கார்ப்பரேஷன் வேலையில் இருந்தபோது சாக்கடைக் கானையில் இறங்கி நின்றபோதுகூட வராத ஜலதோஷம், பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் வருகிறது.

பலகாரத்தைப் பற்றி திரேஸ்யாம்மாவுக்குக் கவலையே வேண்டாம். முந்திரிக்கொத்து நம் ஊர் முறைப்படி பயறு வறுத்து நானே பிடிப்பேன். அச்சப்பமும் குழலப்பமும் அந்தப் பக்கத்து முறை, அதுவும் வேண்டும். ஜலீலாவுக்கு அச்சு இருக்கிறது. கூட ஒரு குலை நேந்திரங்காய். வேறே என்ன? நெய்யப்பம் வேண்டாம், வழியில் எண்ணெய் ஒழுகும்.

நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். மாமாவும் அனீஷும் ஜலீலாவும் அக்கரைக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வரட்டும். நான் இக்கரையில் ஃபோர்ட் கொச்சி ஜெட்டியில் ஆட்டோ பிடித்து வைத்துக்கொண்டு நிற்பேன். நீ இறங்கியதும் ஏற வண்டி வேண்டுமே. அந்த ஆட்டோக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள், ஒரு ஆள் நின்று பேசிக்கொண்டே இருக்கவேண்டும். பேச என்னை விட்டால் யார்?

நம் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு புது உபதேசியார் வந்தார். கடலில் எறியப்பட்ட யோனாவைப் பற்றிப் பேசினார். எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

கப்பைக்கிழங்கு கிடைத்தால் சஜியிடம் கொடுத்துவிடு. இங்கே வருவது எல்லாம் கசப்பு.

உன் அத்தை


வைப்பின்
20.2.1999

பிரியமுள்ள அத்தை, ஆண்டவர் உங்களுக்கு நல்ல சுகம் தரட்டும். மாமாவின் ஜலதோஷம் விட்டதா? கப்பை கொடுத்துவிட்டிருக்கிறேன், மாவு மாதிரி வேகும்.

நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. கடிதத்தை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தேன். நெய்யப்பத்துக்குக்கூட இடம் இருந்தது.

உங்கள் யோசனையை அம்மச்சியிடம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆணுங்கள் வந்து கூட்டிக்கொண்டு போக இதென்ன ஃபர்னிச்சரா என்று கேட்டாள். தாய் இல்லாவிட்டால் தாய் ஸ்தானத்தில் இருப்பவள் வரவேண்டும், அவள் கையில்தான் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுப்பேன், அடுத்த வீட்டுக்காரி கையில் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்தன்றே நீங்கள் பாத்திரக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று சொல்லி மறுவீட்டுக்கு வராமல் நின்றதை அவள் மறக்கவில்லை.

இன்னொரு விஷயம். போன புதன்கிழமை சாயங்காலம் சஜி உங்களை ஃபோர்ட் கொச்சி ஜெட்டியில் பார்த்தாராம். டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். எல்லோரும் ஏறினார்களாம், படகு விட்டதாம், நீங்கள் அங்கேயே நின்றீர்களாம். கூப்பிட்டும் கேட்கவில்லையாம். அதை ஏன் எழுதவில்லை அத்தை?

உங்களுக்குத் தண்ணியென்றால் பயம் என்று எனக்குத் தெரியாதா. நான் படித்த காலத்தில் ஜெட்டி கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்று கையாட்டுவீர்கள். கேட்டைத் தாண்டியதில்லை.

அன்புடன்
விஜி


மட்டாஞ்சேரி
24.2.1999

மகள் விஜிலாவுக்கு, ஸ்தோத்திரம். எல்லோரும் சுகம்.

மாப்பிள்ளைக்கு ஒர்க்‌ஷாப்பில் என்ஜினைப் பார்க்க நேரமில்லை, அத்தையைப் பார்க்க நேரமிருக்கிறது. ஒரு மனுஷி ஜெட்டியில் நிற்கக்கூடாதா? சீனவலையில் மீன் ஏறுகிறதா என்று பார்க்கப் போனேன்.

சரி. டிக்கெட் வாங்கினேன். ஏறலாம் என்றுதான் வாங்கினேன். அக்கரை கண்ணுக்கு எதிரே இருக்கிறது, பீடி பற்றவைத்தவன் அணைப்பதற்குள் போய்விடுகிறான். ஆனால் படிக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணி தெரிகிறதே, அதைப் பார்த்ததும் கால் என் கால் இல்லை. டிக்கெட்டைக் கசக்காமல் கொண்டுவந்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன். அதை இதுவரை நான் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஆனால் ஜலீலாவிடம் சொன்னேன். அவள் புருஷனிடம் சொல்லிவிட்டாள். முகமது இஸ்மாயில் எறணாகுளம் படகில் ஸ்ராங்கு இல்லையா, சக்கரம் பிடிக்கிற ஆள். அவர் சிரிக்கவில்லை. மட்டாஞ்சேரி ஜெட்டியில் அவருடைய படகு மத்தியானம் கட்டிக் கிடக்குமாம். "எக்கா, ஓடாத படகுல வந்து உக்காருங்க. வெத்தலை போடுங்க. ஜெபம் வேணும்னா ஜெபம் பண்ணுங்க. நான் என்ஜினைத் தொடவே மாட்டேன்" என்றார்.

நேற்றுப் போனேன். ஜலீலா ஒரு கை, கயிறு ஒரு கை. உட்கார்ந்தேன். கட்டிப்போட்ட படகுகூட மூச்சு விடுகிறது விஜி, அது எனக்கு யாரும் சொல்லவில்லை. வேதப்புத்தகத்துச் சங்கீதம் சொல்லத் தொடங்கி பாதியில் மறந்து, திரும்பத் தொடங்கி, அதுவும் மறந்து, கடைசியில் இயேசுவே இயேசுவே என்று மட்டும் சொல்லிக்கொண்டு இருந்தேன். அது போதும் போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட்டேன்.

மற்றதை என்னிடம் கேட்காதே மக்களே. அந்த நாளைச் சொன்னால் நான் மறுபடி அந்த வெள்ளத்தில் இறங்கவேண்டும்.

அத்தை


மட்டாஞ்சேரி
17.3.1999

அன்பு மகளுக்கு அத்தை ஜெபத்தோடு எழுதுவது. உன் சுகம் என்ன?

லெந்து நோன்பு நாள் தொடங்கிப் பாதியும் போயாயிற்று, உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. கோபமா? சஜியிடம் கேட்டால் "அவளுக்கு க்ஷீணம் அத்தை, வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லி என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் போடுகிறார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. உனக்கு நல்ல மாப்பிள்ளைதான் கிடைத்திருக்கிறான்.

இக்கரைக்கு ஸ்கேனுக்கு வருகிறாய் என்று மாமா சொன்னார். வந்தால் வீட்டுக்குள் ஏறாமல் போகமாட்டாய் என்று நெத்திலி வாங்கிக் கழுவி வைத்தேன். நீ வரவில்லை. ஸ்கேன் எடுத்தாச்சு என்று மட்டும் சஜி சொன்னார். எந்த வழியாக வந்தாய், எந்த வழியாகப் போனாய்? எனக்குத் தெரியாமல் ஃபோர்ட் கொச்சி ஜெட்டியில் இறங்கிவிட முடியாது. நான் இப்போது தினமும் அங்கேயும் போய் நிற்கிறேன், டீக்கடைக்காரனுக்கே என்னைத் தெரியும்.

இஸ்மாயில் படகில் உட்காருகிறது நடக்கிறது. முந்தாநாள் எனக்குத் தெரியாமல் என்ஜினை ஓடவிட்டார். கயிறு கட்டித்தான் இருந்தது. நான் அவரை என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமுடியாது, லெந்து நாள்.

உடனே இரண்டு வரி எழுது.

அத்தை


வைப்பின்
29.3.1999

என் அத்தைக்கு, குருத்தோலை ஞாயிறு வாழ்த்துக்கள். உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன்.

கோபம் ஒன்றுமில்லை. எழுத வெட்கமாக இருந்தது. உங்களைப் பரிகாசம் பண்ணி எழுதிவிட்டு இதை எப்படி எழுதுவது?

இந்த மாதம் பிள்ளை அசையத் தொடங்கியது. அன்றிலிருந்து ஒரு சொப்பனம் விடாமல் வருகிறது. பச்சைத் தண்ணி. என் கையை ஒரு கை பிடித்திருக்கிறது. அது விட்டுவிடுகிறது. அவ்வளவுதான், முழித்துவிடுவேன். ஜனவரியில் உங்களிடம் சும்மா கேட்கிறேன் என்று எழுதினேனே, அப்போதே லேசாகத் தொடங்கியிருந்தது. இப்போது தினமும்.

ஸ்கேனுக்குப் புறப்பட்டு இந்தக் கரை ஜெட்டி வரை வந்தேன். சஜி படகில் ஏறிக் கையை நீட்டினார். நான் பின்னால் போனேன் அத்தை. தினமும் படகில் படிக்கப் போன நான். ஜனங்கள் பார்க்க அழுதேன். கடைசியில் ஜீப் பிடித்து செறாயி, பறவூர் என்று சுற்றி எறணாகுளம் போனோம். ரோட்டில் குழி இல்லாத இடமே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இனி அந்த வழியில் வந்தால் பிள்ளைக்கு நல்லதில்லை என்று சத்தம் போட்டார். ரத்த அழுத்தமும் கூடியிருக்கிறது. பிரசவம் இங்கே வேண்டாம், ஏழாம் மாதம் முடிவதற்குள் ஆஸ்பத்திரி இருக்கிற கரைக்கு வந்துவிடவேண்டும் என்று சொன்னார்.

ரோடு வழி வரக்கூடாது. படகில் ஏற என்னால் முடியவில்லை. இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்னால் அம்மச்சியும் சஜியும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

எனக்கு ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அம்மா என் கையை விட்டுவிட்டாளா?

விஜி


மட்டாஞ்சேரி
7.4.1999

அன்புள்ள விஜிக்கு மாமா தங்கையா எழுதுவது. சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். உன் அத்தை உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஈஸ்டர் ஆராதனையில்கூட பாடவில்லை. போதகர் என்னிடம், சரோஜம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்டார்.

புத்தாண்டில் நான் அவள் பக்கத்தில் இருந்தேன். அவளுக்கென்று எடுத்த சீட்டில்தான் தண்ணீர் வசனம் இருந்தது. பார்த்ததும் சூடு பட்ட மாதிரி கையை உதறினாள். உனக்கென்று எடுத்ததில், தாய் தன் பிள்ளையை மறந்தாலும் நான் மறப்பதில்லை என்று ஆண்டவர் சொன்னது இருந்தது. தாயில்லாப் பிள்ளைக்கு இதை எப்படி அனுப்புவது என்று முணுமுணுத்தாள். பிறகு மாற்றி வைத்தாள். உன்னுடையது அவள் வேதப்புத்தகத்தில் அந்தப் படகு டிக்கெட்டோடு இருக்கிறது.

நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம். சொன்னாலும் குற்றமில்லை.

தங்கையா


வைப்பின்
18.4.1999

அன்பு அத்தைக்கு,

சுகம். இரவு தூங்கினால் சுகம் என்று எழுதலாம்.

புத்தாண்டுக்கு நீங்கள் அனுப்பிய சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். இது எனக்கு வந்தது இல்லை. எனக்கு வந்ததை நீங்கள் வரும்போது கொண்டுவந்தால் போதும். அதில் என்ன இருந்தாலும் எனக்குப் பயமில்லை.

மே மூன்றாம் தேதி என்று அம்மச்சி குறித்திருக்கிறாள்.

விஜி


மட்டாஞ்சேரி
9.5.1999

அன்புள்ள தம்பி யேசுவடியானுக்கு அக்கா சரோஜம்மா எழுதுவது. நீயும் ஊரில் எல்லோரும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். வயல் எப்படி? உன் மகள் விஜி இப்போது என் வீட்டில், நான் எழுதுகிற இந்த மேஜைக்கு அந்தப் பக்கம் கால் நீட்டிப் படுத்து மாங்காய் தின்கிறாள். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. பிள்ளை நல்ல உதை உதைக்கிறது.

அவளை நான் போய்த்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். படகில்.

நீ இந்த வரியை இன்னொரு தரம் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். படி.

திங்கட்கிழமை காலையில் மாமா, ஜலீலா, நான், பலகாரக் கூடை. இஸ்மாயில் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்தார். ஜெட்டியில் எனக்கு அந்த ஒரு முழம் தண்ணி மறுபடி தெரிந்தது. பயம் போய்விடும், அப்புறம் ஏறலாம் என்றுதான் நான் இத்தனை நாள் ஜெபித்துக்கொண்டிருந்தேன் தம்பி. அது போகவில்லை. அக்கரையில் என் பிள்ளை என்னைவிடப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே பயம் போகக் காத்திருந்தால் அவளுக்குப் பிரசவமே ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆண்டவரே, நடுங்கிக்கொண்டே ஏறுகிறேன், நீர் சொன்னபடி கூட இரும் என்று சொல்லிவிட்டு ஏறினேன். தண்ணீர் வசனச் சீட்டை ரவிக்கைக்குள் வைத்திருந்தேன்.

படகு விட்டதும் வாய்விட்டு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். எதிரே இருந்த காலேஜ் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்தார்கள். அது பரவாயில்லை. அக்கரை கிட்டே வந்ததும் எல்லோரும் எப்போதும்போல எழுந்து நின்றார்கள். எனக்குத் தெரியாமலே, உட்காருங்க, எல்லாரும் உட்காருங்க என்று கத்திவிட்டேன். படகே திரும்பிப் பார்த்தது.

"எக்கா, இது வள்ளம் இல்ல. எல்லாரும் நின்னாலும் சாயாது" என்றார் இஸ்மாயில்.

"உனக்கு என்னடே தெரியும்? உக்காரச் சொல்லு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் முதலில் உட்கார்ந்தார். அந்தச் சிரித்த பெண்கள் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தராக மீன்கூடைக்காரிகள் வரைக்கும் உட்கார்ந்தார்கள். ஜெட்டியில் முட்டின பிறகுதான் எழுந்தோம். அந்த ஜனங்களை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

திரேஸ்யாம்மா வீட்டில் நல்ல மரியாதை. முந்திரிக்கொத்தைக் கடித்துவிட்டு, பல்லுக்கு வேலை வைக்கிற பலகாரம் என்றாள். ஆனாலும் ஒன்றோடு நிறுத்தவில்லை. ஊண் முடிந்து எல்லோருமாக ஜெட்டிக்கு வந்தோம். படியில் வைத்து அவள் மெழுகுவர்த்தி ஏற்றுகிற அவர்கள் கத்தோலிக்க முறையில் சிலுவை போட்டு, விஜியின் கையை எடுத்து என் கையில் வைத்தாள். "இனி இவள் உங்கட கையில்" என்றாள்.

விஜி படகைப் பார்த்தாள். ஒரு படி பின்னால் போனாள். "என்னால ஏலாது அத்தை. நீங்க போங்க" என்றாள். சஜி பக்கத்தில் வந்தார், நான் வேண்டாம் என்று கண் காட்டினேன்.

நீ ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை தம்பி. நானும் சொன்னதில்லை. அன்றைக்கு அவளிடம் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகாதே, கடைசிவரை படி.

அறுப்பின் பண்டிகை முடிந்து வள்ளத்தில் திரும்பினோம். கரை கிட்டே வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். வள்ளம் சாய்ந்தது. நான் கரையோரம் விழுந்ததால் எனக்குத் தாழை வேர் ஒன்று கையில் கிடைத்தது. உன் கனகபாய் இழுப்பில் இருந்தாள். ஒரு கையில் பிள்ளை. என்னை எட்டிப் பிடிக்கிற தூரத்துக்கு அவள் ஒரு தரம் வந்தாள். நீந்திக்கொண்டிருந்த கையால் அவள் என்னைப் பிடித்திருக்கலாம். அவள் என்னைப் பிடிக்கவில்லை. பிள்ளையின் மணிக்கட்டை என் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு என் விரல்களை அதன்மேல் அழுத்தி மடக்கினாள். நான் சரியாகப் பிடித்தேனா என்று பார்த்தாள். "நாத்தி, பிடி" என்றாள். நான் பிடித்திருக்கிறேன் என்று தலையாட்டின பிறகுதான் அவள் கை போனது.

இதைத்தான் ஜெட்டிப் படியில் நின்று சொன்னேன். விஜி அசையாமல் கேட்டாள். என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப விடலையா?" என்றாள்.

"விடுகவ விரலை மடக்கி வச்சிட்டா போவா? கை மாத்தினா மக்களே. நான் இன்னும் விடல, பாரு."

அவள் அங்கேயே அழுதாள். திரேஸ்யாம்மாவும் அழுதாள், என்ன பேசினோம் என்று பாதி புரிந்திருக்கும். படகுக்காரன் மணியடித்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இஸ்மாயில் அவனிடம் ஏதோ சொன்னார், அவன் பொறுத்தான்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். யார் யாரை ஏற்றினோம் என்று எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு கப்பல் போய் அலை வந்து படகு ஆடினது. அவள் என் கையை நெரித்தாள், நான் அவள் கையை நெரித்தேன், வளையல் பட்ட தடம் இன்னும் இருக்கிறது. அப்போதுதான் அவளுடைய சீட்டை எடுத்துக் கொடுத்தேன், தாயைப் பற்றிய அந்தச் சீட்டு. படித்தாள். "எங்கம்மாவும் மறக்கல, இல்லையா அத்தை" என்றாள். இக்கரை வந்து சேருகிறவரை அதை மடிக்கவே இல்லை.

அவளுக்கு வந்துகொண்டிருந்த தண்ணிச் சொப்பனம் இப்போதும் ஒரு நாள் வந்ததாம். கை போகிறதாம். ஆனால் உடனே இன்னொரு கை பிடிக்கிறதாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாதம் பிள்ளை பிறக்கும், தந்தி வரும். ஞானஸ்நானம் அக்கரையில், அவர்கள் கோவிலில்தான். திரேஸ்யாம்மா சொல்லிவிட்டாள், நம் சபையில் வைக்கலாம் என்று நான் கேட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். எங்கே வைத்தாலும் ஆண்டவர் ஒருத்தர்தான். நீ வரவேண்டும். கல்யாணத்துக்கு வந்து மறுவீட்டுக்கு வராமல், உழவு மாடு காத்திருக்கிறது என்று சொல்லி பஸ் ஏறிப் போனாயே, அந்த மாடு எது என்று எனக்குத் தெரியும். எனக்குப் பாத்திரக் கணக்கு, உனக்கு உழவு மாடு.

ஃபோர்ட் கொச்சி ஜெட்டியில் நான் நிற்பேன். டீக்கடைக்காரனிடம் கேட்டால்கூட என்னைக் காட்டித் தருவான். படிக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணி தெரியும். அதைப் பார்க்காதே, என் கையைப் பார்.

இதோடு ஒரு வசனச் சீட்டு வைத்திருக்கிறேன். ஓரம் கொஞ்சம் வியர்வையில் நைந்திருக்கிறது. புத்தாண்டில் எனக்கு வந்தது இது. ஒரு தரம் சொல்லாமல் கைமாற்றினேன். இந்தத் தடவை சொல்லிவிட்டே தருகிறேன். இது எனக்கு வந்தது, இப்போது உனக்கு.

பதில் போடு. பூத்தில் இருந்து கூப்பிடாதே.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த
அக்கா